மூலை மேசையில் ஓர் இலை

ஆபீசில் கணக்கெழுதும் பொன்னுதுரைக் கிராணியார் தோசையைப் பாதியில் விட்டு எழுந்தார். கை கழுவிக்கொண்டு கல்லாவுக்கு வந்து காசை வைத்தார். பூங்காவனம் மிச்சம் எடுத்துக் கொடுத்தாள்.

"இன்னிக்கும் அப்படியே வெச்சிட்டீங்களே கிராணியாரே."

"சட்னி ஒரு மாதிரி மணக்குது பிள்ளை. தேங்காய் பழுது."

"காலையில உடைச்ச காய்ங்க."

"உடைச்சது காலையிலதான். காய் எப்பத்தையது எண்டு ஆருக்குத் தெரியும்." அவர் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "யுத்தத்துக்கு முந்தியே இந்தக் கடையில சாப்பிட்டவன் நான். சப்பான்காரன் காலத்தில உம்மட மாமனார் மரவள்ளிக்கிழங்கில தோசை சுட்டுத் தந்தவர். அது கூட வாயில வைக்கக்கூடியதா இருந்தது. கோவிக்காதேயும்."

பூங்காவனத்துக்குக் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது. கிராணியார் வாய்விட்டுச் சொல்கிறவர். மற்றவர்கள் சொல்லாமலே வருவதை நிறுத்திவிட்டார்கள். முன்பெல்லாம் இந்த நேரத்தில் உட்கார இடமில்லாமல் கடைக்கு முன்னால் அஞ்சடிப் பாதையில் ஆட்கள் நிற்பார்கள். இப்போது ஈ ஓட்டுவதற்கு ஒரு ஆள் போதும்.

காஜா பெராங் சாலையில் தண்டபாணி விலாஸ் என்றால் தெரியாதவர் கிடையாது. ஆனால் கட்டடம் அவர்களுடையது இல்லை. பக்கத்துச் செட்டி கம்பத்துப் பெரியவர் பிச்சையுடையது. அவருக்குத் தமிழ் வராது. பல தலைமுறையாக இந்த மண்ணில் ஊறிப்போன அந்தக் கிராமத்தில் யாருக்குமே அவ்வளவாக வராது. மலாயில் பேசுவார், கும்பிடுவது மட்டும் நம் சாமியை. தினமும் மதியம் வந்து மூலை மேசையில் உட்கார்ந்து பூங்காவனத்தின் புருஷன் கருணாகரன் செய்த ஆட்டுக்கறிப் பெரட்டலைச் சாப்பிட்டுவிட்டுப் போவார். ஒருநாள் இலையில் கையை வைத்துக்கொண்டே சொன்னார். கருணா இங்கே சமைக்கும்வரை கடை கருணாவுக்கு. அதுதான் ஒப்பந்தம். வேறு எதுவும் கிடையாது.

அந்தப் பெரியவர் செத்து இன்றோடு ஒரு வருடம்.

போன வாரம் அவர் மகன் தனபாலன் ஒரு ஆளோடு வந்து சுவரைத் தட்டிப் பார்த்ததையும், அந்த ஆள் நூல் பிடித்து அகலம் அளந்ததையும் பூங்காவனம் பார்த்தாள். ரேடியோ கடை வைக்கிறார்களாம். மெர்டேக்கா என்கிற சுதந்திரம் வந்துவிட்டால் எல்லா வீட்டிலும் ரேடியோ வாங்குவார்களாம். தனபாலனைத் தடுத்தது அவன் அம்மா மீனாச்சியம்மாள் ஒருத்திதான். அவரும் சும்மா தடுக்கவில்லை.

"உன் அப்பாவுக்கு வருஷப் படையல் இலை இந்தக் கடையில், அவர் மேசையில் விழட்டும். அதே பெரட்டல். அதே ருசி இருந்தால் அவர் சொன்ன சொல் நிற்கும். இல்லாவிட்டால் உன் இஷ்டம்."

ஆக, இன்று மதியம் ஒரு சட்டிக் கறியில் எல்லாம் இருக்கிறது. கடையும், மேல்மாடியில் அவர்கள் படுத்துத் தூங்கும் இடமும்.

பூங்காவனம் கிராணியார் வைத்துவிட்டுப் போன சட்னியை எடுத்து முகர்ந்தாள். கெட்டுத்தான் இருந்தது. போன மாதம் நெய் சிக்கு வாடை அடித்தது. அதற்கு முன்னால் தேங்காய்ப்பால். மே மாதம் ஊரையே சுருட்டிப் போட்ட அந்தக் காய்ச்சலில் கருணாகரனும் படுத்தார். எழுந்து வந்ததிலிருந்து அடுப்படியில் ஏதாவது ஒன்று தப்பாகிறது. மண்ணெண்ணெய் கொட்டிக் கிடந்த இடத்தில் நின்று பீடி பற்றவைக்கப் போனார். அவள் ஓடிப்போய்த் தட்டிவிட்டாள். உடம்பு தேறவில்லை, கவனம் இல்லை என்று நினைத்துக்கொண்டாள்.

ஆனால் கெட்ட சாமானுக்கு அவர் என்ன செய்வார்? பாசாருக்குப் போய் வாங்குவது அவர் தம்பி ஜெயபாலன்.

அந்த ஜெயபாலனைத்தான் போன வாரம் ஜாலான் பெண்டஹாரா தெருவில் துணிக்கடை வாசலில் தனபாலனோடு தலையை ஒட்டவைத்துப் பேசிக்கொண்டிருக்கப் பார்த்தாள். இதுவரை கேட்கவில்லை.

ஜெயபாலன் கூடையோடு உள்ளே வந்தான். கறி, புதுச் சட்டி, வாழையிலை. கூடையை அவள் முன்னால் இறக்கினான்.

"கறி பாருங்க அண்ணி. எளசு. காலையில அறுத்தது."

அவள் கறிப்பொட்டலத்தைப் பிரித்து மூக்கருகே கொண்டுபோனாள்.

"போலீஸ் நாய் மாதிரி மோந்து பாக்குறீங்களே," என்றான் அவன்.

"திருடன் இருக்கிற வீட்டுல நாய் வேணும்ல."

அவன் சிரிக்கவில்லை. "என்னைச் சொல்றீங்களா?"

"தேங்காய் யார் வாங்கினது?"

"நான்தான். நல்ல காய். சட்னிய அரைச்சு வெச்சது நேத்து சாயங்காலம். அண்ணன்தான் அரைச்சாரு. காலையில தாளிச்சுக் கொட்டினதும் அவருதான். கெட்டுப்போனது அவருக்குத் தெரியலன்னா நான் என்ன பண்ண?"

"நேத்தா? காலையில உடைச்சதுன்னாரே. அவரு மேல போடாத தம்பி."

"அப்ப யார் மேல போடறது? நான் ஒருத்தன்தானே இருக்கேன்." சட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு பின்கட்டுக்கு நடந்தான். 

கறி நன்றாகத்தான் இருந்தது. அதுவே அவளுக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

காலைப் பலகாரம் முடிந்ததும் முன்கதவைப் பாதி சாத்தினார்கள். மூலை மேசையைத் தேய்த்துக் கழுவினாள். பெரியவர் போன பிறகு அந்த மேசையில் யாரையும் உட்காரவைப்பதில்லை. கூட்டம் இருந்த காலத்தில் அது மரியாதையாக இருந்தது. இப்போது காலி மேசைகளில் அதுவும் ஒன்று.

கருணாகரன் கிணற்றடியில் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வந்தார். காய்ச்சலுக்குப் பிறகு தோள் எலும்பு துருத்திக்கொண்டு நின்றது.

படையல் சமையலுக்கு அவர் அப்பா காலத்திலிருந்து ஒரு முறை உண்டு. சமைப்பவன் தனியாக நிற்க வேண்டும். கதவுக்குத் தாழ்ப்பாள். பெண்கள் அந்த வாசலைத் தாண்டக்கூடாது. துணைக்கு ஆள் வேண்டுமென்றால் குளித்துவிட்டு வரும் கூடப்பிறந்தவன் வரலாம், வேறு யாரும் கூடாது. செத்தவரின் இலையில் கறி விழும்வரை நாக்கில் ஒரு சொட்டுப் படக்கூடாது. கறி பாதி வெந்ததும் சட்டியின் வாயை வாழையிலை போட்டு வெள்ளைத் துணியால் கட்டி, அடியிலும் சுற்றிலும் தணல் வைத்துவிடுவார். அதற்குப் பிறகு அந்த முடிச்சை அவிழ்ப்பது செத்தவர் வீட்டு ஆள்தான், அதுவும் இலைக்கு முன்னால்.

அப்படியென்றால் வெந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது? மணம்தான். துணி வழியாக வரும் ஆவியில் மிளகு வாடை அடங்கிக் கறியின் மணம் மேலே வரும். அந்த மாற்றத்துக்காக அவர் அடுப்புக்குப் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்தக் கணம் வந்ததும் இறக்கிவிடுவார். கடிகாரம் பார்த்ததே இல்லை. ஒருநாளும் தப்பியதும் இல்லை.

"என்னங்க," என்றாள் பூங்காவனம். "தம்பிய கூட நிக்கச் சொல்லவா?"

"எதுக்கு?"

"உடம்பு இன்னும் தேறல. அடுப்பு சூட்டுல மயக்கம் வந்தா."

"எங்கப்பாவுக்குத் துணை நின்னது யாரு?"

"யாருமில்ல."

"அப்புறம் என்ன."

"இன்னிக்கு ஒரு நாளாவதுங்க."

அவர் அவளைப் பார்த்தார். ஏதோ சொல்லப் போகிறவர்போல வாய் அசைந்தது. "பெரியவருக்கு நான் செய்வேன்," என்றார். "நீ போயி சோத்தப் பாரு." கதவைச் சாத்திக்கொண்டார். தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டது.

அவள் சோற்றை முன்கட்டு அடுப்பில் வடித்தாள். சாம்பார், வடை, பொரியல் எல்லாம் அங்கேயே. எல்லாம் முடித்துத் திரும்பியபோது பெரியவர் வீட்டார் வந்துவிட்டார்கள்.

மீனாச்சியம்மாள் வெள்ளைக் கெபாயாச் சட்டை போட்டுக் கைலி கட்டியிருந்தார். பின்னால் தனபாலன், முழுக்கால் சட்டை, கையில் தொப்பி. அவன் மனைவி பத்மினி கடைசியாக வந்து, நாற்காலியைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"பூங்கா, ஆப்பா காபார்?" என்று மலாயில் நலம் கேட்டார் மீனாச்சியம்மாள்.

"நல்லா இருக்கோம்மா," என்று அவளும் தனக்குத் தெரிந்த மலாயில் சொன்னாள். 

தனபாலன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். "இந்தச் சுவரை எடுத்துவிட்டால் உள்ளே நல்ல வெளிச்சம் வரும்," என்றான் மனைவியிடம். பூங்காவனத்துக்குப் புரிய வேண்டும் என்பதற்காகவே மெதுவாகச் சொன்னான்.

"சாப்பிட வந்த இடத்தில் சுவரை என்ன பார்க்கிறாய்," என்றார் அவன் அம்மா.

"சாப்பாடு வரும்வரை வேறு எதைப் பார்ப்பது?"

மீனாச்சியம்மாள் கூடையிலிருந்து சாம்பிராணிக் கரண்டியை எடுத்தார். தணல் கேட்டு வாங்கிப் புகை போட்டார். முன்கூடம் முழுக்கப் புகை மண்டியது. மூலை மேசையில் பெரியவரின் படத்தை வைத்தார். படத்தில் அவர் கோட்டு போட்டு விறைப்பாக இருந்தார். இந்தக் கடையில் அவரை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. படத்துக்கு முன்னால் இலை விழுந்தது. இலையில் சோறும் சாம்பாரும் வடையும் பொரியலும் விழுந்தன. வலது பக்கம் ஓர் இடம் காலியாக நின்றது.

"பெரட்டல்," என்றார் மீனாச்சியம்மாள்.

பூங்காவனம் பின்னால் போனாள்.

முன்கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடுவில் ஒரு முற்றம். மேலே திறப்பு, கீழே சிமெண்டுத் தரை, ஓரத்தில் சாக்கடை. அதைத் தாண்டி அவள் கதவைத் தட்டினாள். தாழ்ப்பாள் விலகியது.

கருணாகரன் வியர்த்து ஒழுக நின்றார். இரண்டு கையிலும் பிடிதுணியோடு சட்டியை நீட்டினார். முகத்தில் பல மாதமாக இல்லாத ஒரு தெளிவு.

அவள் கையை நீட்டினாள். அப்போதுதான் அது மூக்கில் ஏறியது.

தீய்ந்த வாடை. அடிப்பிடித்த வாடைகூட இல்லை. முழுக்கக் கரிந்த வாடை.

"என்னங்க," என்றாள்.

"புடி. ஆறிடும்."

"இது..."

"என்ன இது? அங்க இலை காயுது, நீ இங்க நின்னுக்கிட்டு. போ." கதவை மறுபடி சாத்திக்கொண்டார். படையல் ஏற்கப்படும்வரை சமைத்தவன் வெளியே வரக்கூடாது. அதுவும் அவர் அப்பாவுடைய முறை.

பூங்காவனம் முற்றத்தில் நின்றாள். சட்டி சூடு பிடிதுணியைத் தாண்டிக் கையைச் சுட்டது. 

ஜெயபாலன் முன்கூடத்திலிருந்து தண்ணீர்ச் செம்பு எடுக்க வந்தான். பாதி முற்றத்தில் நின்றுவிட்டான். 

"அண்ணி. தீஞ்சிருக்கு."

"மெதுவா பேசு."

"என்னா ஆச்சு?"

"நீ வாங்கின சட்டிதானே. என்னா சட்டி வாங்கினே? மெல்லிசா வாங்கினியா? தனபாலன் சொல்லித் தந்தானா?"

அவன் முகம் சிவந்தது. "சட்டி மேல போடுறீங்களா? சட்டி எதுவா இருந்தா என்னா அண்ணி. இந்த நாத்தம் அண்ணனுக்குத் தெரியாதா? அடுப்பு பக்கத்துல உக்காந்திருந்தாரு இல்ல?"

அவளுக்கு அந்தக் கேள்வி காதில் விழுந்தது. மனதில் போகவில்லை. மனதில் இடமில்லை. 

திரும்பிப் போய் வேறு சமைக்க முடியாது. கறி இல்லை, நேரமும் இல்லை. உச்சிவேளை தாண்டினால் இலை வீண். இப்படியே கொண்டுபோனால் தனபாலன் ஒரு வாய் வைப்பான், போதும். ராத்திரிக்கே ரேடியோக்காரன் வந்துவிடுவான். 

உள்ளே இருந்து மீனாச்சியம்மாளின் குரல் கேட்டது. "பூங்கா?"

ருசி கெட்ட கையிடமிருந்துதான் கடையைப் பிடுங்குவார்கள். சட்டி தவறிய கையிடமிருந்து யாரும் பிடுங்கமாட்டார்கள். சகுனம் சரியில்லை என்பார்கள். பொம்பளை கவனமில்லாதவள் என்பார்கள். சொல்லட்டும். 

செத்தவர் சோற்றைத் தரையில் போட்டால் என்ன பாவம் வரும் என்று அவளுக்குத் தெரியும். அந்தப் பாவத்துக்குப் பயந்தவள்தான் அவள். பெரியவரே, மன்னிச்சிருங்க என்று வாய்க்குள் சொன்னாள்.

சட்டி நழுவி விழவில்லை. அவள் விட்டாள்.

சத்தம் பெரியதாகக் கேட்டது. ஓடு சிதறியது. துணி அவிழ்ந்து, கறுத்த கறி சிமெண்டுத் தரையில் பரவியது. காலில் தெறித்தது. அவளுக்கு உறைக்கவில்லை. ஏனென்றால் அவள் யோசிக்காமல் விட்ட ஒன்று அப்போதுதான் நடந்தது. கட்டிய துணிக்குள் அடைந்து கிடந்த வாடை மொத்தமும் ஒரே மூச்சில் வெளியே வந்தது.

முற்றம் நாறியது.

மீனாச்சியம்மாள் வந்தார். தனபாலன் வந்தான். பத்மினி கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் நின்றாள்.

"ஹங்குஸ்," என்றாள் பத்மினி. கரிந்துபோச்சு என்று அர்த்தம். எல்லோருக்கும் புரிகிற சொல்தான்.

"கை தவறிடுச்சும்மா," என்றாள் பூங்காவனம். "என் தப்பு. சட்டி சூடு. கை தவறிடுச்சு."

தனபாலன் தரையைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். அவன் வாயைத் திறக்கும் முன் அடுப்படிக் கதவு திறந்தது.

கருணாகரன் வெளியே வந்தார். முறையை மீறி வந்தார். உடைந்த ஓட்டையும் கறியையும் பார்த்தார்.

"என்னடி பண்ணினே," என்றார். "என்னடி பண்ணினே."

"கை..."

அவர் கேட்கவில்லை. குனிந்து உட்கார்ந்தார். பெரிய ஓட்டுச்சில் ஒன்றில் கொஞ்சம் கறி தரையில் படாமல் ஒட்டி நின்றது. அதை இரண்டு கையாலும் ஏந்தி எடுத்தார். மீனாச்சியம்மாளைப் பார்த்து மலாயில் பேசினார். பெரியவரோடு பேசிப் பேசி வந்த மலாய்.

"அம்மா, இவ கை தவறிட்டா. என் கை தவறல. பாருங்க. மண்ணுல படாதது இது. இலையில வைக்க முடியாது, தெரியும். ஆனா மணத்தப் பாருங்க."

ஓட்டைத் தன் மூக்கருகே கொண்டுபோனார். கண்ணை மூடினார். மார்பு விரிய ஒரு மூச்சு இழுத்தார். அவர் முகத்தில் மெல்ல ஒரு திருப்தி பரவியது.

"இந்த மணம்தான்," என்றார். "பெரியவர் வாசல்லயே நின்னு கேப்பாரு. கருணா, வந்திருச்சுன்னு சொல்லுவாரு. அதே மணம்."

 

பத்மினியின் கை மூக்கிலிருந்து இறங்கியது. ஜெயபாலன் செம்பைப் பிடித்தபடியே சுவரில் சாய்ந்துவிட்டான். 

பூங்காவனம் தன் புருஷனைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கெட்ட சட்னி, சிக்கு நெய், திரிந்த பால், மண்ணெண்ணெய்க்கு நடுவில் பீடி. அண்ணனுக்குத் தெரியாதா என்று ஜெயபாலன் கேட்டது. எல்லாம் ஒன்றாக வந்து நின்றன. அந்தக் காய்ச்சல் அவரிடமிருந்து எதை எடுத்துக்கொண்டு போனது என்று அவளுக்கு இப்போது தெரிந்தது. அவளுக்கு மட்டுமில்லை. முற்றத்தில் நின்ற எல்லோருக்கும் தெரிந்தது.

எல்லோருக்கும் தெரிந்தது என்று தெரியாத ஒரே ஆள் ஓட்டை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பாருங்கம்மா," என்றார் மறுபடி.

மீனாச்சியம்மாள் கைலியைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு இரண்டு எட்டு வைத்து வந்தார். குனிந்தார். ஓட்டுக்கு மேலே முகத்தை வைத்தார். உண்மையாகவே முகர்ந்தார். கண்ணில் நீர் வந்தது. அது கரியால் வந்ததா வேறு எதனாலா என்று யாரால் சொல்ல முடியும்.

"சேடாப்," என்றார். "நல்ல மணம்."

"அம்மா," என்றான் தனபாலன்.

"நீ போய் உட்கார்."

பெரியவரின் இலையில் அந்த இடம் காலியாகவே இருந்தது. மீனாச்சியம்மாள் கும்பிட்டார். பிறகு மூன்று பேரும் பக்கத்து மேசையில் உட்கார்ந்து சோறும் சாம்பாரும் சாப்பிட்டார்கள். தனபாலன் சாம்பார்ச் சோற்றை ஒவ்வொரு கவளமாக நிதானமாகச் சாப்பிட்டான். எதையோ தேடிச் சாப்பிடுகிறவன்போல இருந்தது. சாம்பாரில் குறை இல்லை. அது பூங்காவனம் வைத்தது.

புறப்படும்போது மீனாச்சியம்மாள் அவளை அஞ்சடிப் பாதைக்குக் கூட்டிப்போனார். எதிர்ச் சாரியில் மெர்டேக்காவுக்குக் காகிதத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஏணியில் நின்றவன் கீழே நின்றவனைத் திட்டிக்கொண்டிருந்தான்.

"நீ போட்டாய்," என்றார் மீனாச்சியம்மாள். கேள்வி இல்லை.

பூங்காவனம் தலை குனிந்தாள்.

"எனக்குக் கோபம் இல்லை. அவர் இருந்திருந்தால் அவரே போட்டிருப்பார்." ஏணிக்காரனைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எத்தனை நாளாக அவனுக்கு இப்படி?"

"எனக்கே இப்பத்தான் தெரியும்மா."

"பக்கத்தில் படுக்கிறவள் நீ."

பூங்காவனம் கையைச் சேலையில் துடைத்தாள்.

"சனிக்கிழமை மெர்டேக்கா. அன்றைக்கு இலையை மறுபடி போடலாம் என்று தனாவிடம் சொல்லிவிட்டேன். கொண்டுவந்த படையல் உடைந்தால் இன்னொரு தரம் வைக்கலாம், அது எங்கள் வழக்கம். ஒத்துக்கொண்டான். ஆனால் அன்றைக்கு முதல் வாய் அவன் வைப்பான். நான் பேசமாட்டேன்." அவள் கையைப் பிடித்தார். சட்டி சுட்ட இடத்தில் பிடித்தார். "செத்த புருஷனுக்கு முன்னால் ஒரு பொய் சொல்லிவிட்டேன் பூங்கா. இன்னொன்று சொல்ல வராது."

அவர்கள் போன பிறகு பூங்காவனம் முற்றத்தைக் கழுவினாள். தண்ணீர் ஊற்ற ஊற்ற வாடை போகவில்லை. சேலையிலும் ஏறியிருந்தது. ஜெயபாலன் ஓட்டுச்சில்லுகளைப் பொறுக்கினான்.

"அண்ணி," என்றான் கடைசியில். "சனிக்கிழமை நான் உள்ள நிக்கிறேன்."

அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"நீங்க நிக்க முடியாது. வேற ஆளு யாரும் நிக்க முடியாது. நான் நிக்கலாம். அண்ணன் சமைக்கட்டும். மணம் மாறின நேரத்துல நான் சொல்றேன். இத்தன வருஷமா அந்த மணத்துலதான வளந்தேன். எனக்குத் தெரியும்."

"அவரு விடுவாரா?"

"நீங்க சொன்னா விடுவாரு."

"தனபாலன்கிட்ட என்ன பேசினே?"

அவன் கையிலிருந்த ஓட்டைத் தரையில் வைத்தான். "பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"வேலை கேட்டேன். ரேடியோ கடையில." அவளை நேராகப் பார்த்தான். "மேற்பார்வை வேலை தர்றேன்னு சொல்லியிருக்கான். இந்தக் கடை நிக்காதுன்னு எனக்கு எப்பவோ தெரியும் அண்ணி. ஏன் நிக்கலன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. நான் திருடல. கெட்ட காய் வாங்கல. பொழைக்க வழி தேடினேன். அவ்வளவுதான்."

"அப்ப சனிக்கிழமை கடை தப்பிச்சுதுன்னா உனக்கு வேலை போச்சு."

"ஆமா."

"கடை போச்சுன்னா உனக்கு வேலை."

"ஆமா."

"அந்த ஆளதான் அடுப்புகிட்ட நிக்கவைக்கச் சொல்றே."

"வேற யாரு இருக்காங்க சொல்லுங்க."

அவன் பொய் சொல்லியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். உண்மையைச் சொல்கிறவனை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு அடுப்படிக்குள் போனாள்.

கருணாகரன் அணைந்த அடுப்புக்குப் பக்கத்தில் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். ஈர வேட்டி உடம்பிலேயே காய்ந்துவிட்டது. அவள் வந்ததைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் கிட்டே போய், கை எட்டும் தூரத்தில் நின்றாள். தீய்ந்த கறி அவள் சேலையில் முழங்கால்வரை அப்பியிருந்தது. தெருவில் போகிறவன் மூக்கைப் பிடிப்பான். அவர் முகம் சுளிக்கவில்லை.

"எங்கப்பா கட்டிக் காத்த கடை," என்றார் சுவரைப் பார்த்து. "சப்பான்காரனால போகல. உன் கையால போகப் பாத்துச்சு."

"ஆமாங்க."

"அந்தம்மா பெரிய மனசு. வேற ஆளா இருந்தா இன்னிக்கே சாவியக் கேட்டிருப்பாங்க."

"ஆமாங்க."

அவர் தணலைக் குச்சியால் கிளறினார். சாம்பல்தான் வந்தது. கேட்கக்கூடாத ஒன்றைக் கேட்பவர்போல, தலையைத் தூக்காமலே கேட்டார்.

"பூங்கா. கறி நல்லாத்தானே வந்திருந்துச்சு?"

மூக்கு செத்துப்போனது அவருக்கும் தெரியும் என்று அவளுக்கு இப்போது புரிந்தது. மூன்று மாதமாக அவர் எதற்குப் பயந்துகொண்டு படுத்தார், எதற்குப் பயந்துகொண்டு எழுந்தார் என்று. இப்போது சொல்லிவிடலாம். சொன்னால் இந்த மனுஷன் மறுபடி அடுப்புப் பக்கம் வரமாட்டார். வராவிட்டால் சனிக்கிழமை இலையில் போட ஒன்றும் இருக்காது. சொல்லாவிட்டால் தம்பியை எதைச் சொல்லி உள்ளே அனுப்புவது?

அவர் குச்சியை வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

"நல்லா வந்திருந்துச்சுங்க," என்றாள். "தெருவே மணந்துச்சு."

அவர் மூச்சு விட்டது அவளுக்குக் கேட்டது. முதுகு நிமிர்ந்தது. திரும்பி, காலையிலிருந்து முதல் தடவையாக அவளைப் பார்த்துச் சிரித்தார்.

"அப்படின்னா பயமில்ல," என்றார். "சனிக்கிழமையும் அப்படியே செஞ்சிருவேன். தாழ்ப்பாளுக்கு மட்டும் நல்லா எண்ணெய் போட்டு வை. யாரும் உள்ள வரக்கூடாது."

முற்றத்தில் ஓட்டுச்சில்லு பொறுக்கும் சத்தம் நின்றிருந்தது. ஜெயபாலன் கதவுக்கு வெளியே அவள் பதிலுக்காக நின்றுகொண்டிருந்தான்.